புகையே இல்லாமல் அலறுவது ஏன்?

ஒளிமின் வகைப் புகையுணர் கருவி புகையை முகர்வதில்லை, பார்க்கிறது. உள்ளே ஓர் இருட்டறை. அதில் ஒரு சிறு விளக்கும் ஒளியுணரியும் ஒன்றையொன்று நேராகப் பார்க்காதபடி கோணலாக அமர்ந்திருக்கும். புகைத்துகள் நுழைந்தால் ஒளி அதில் பட்டுச் சிதறும். சிதறிய ஒளி உணரியில் விழுந்ததும் அலறல். தூசி, குளியலறை நீராவி, வழிதவறிய குட்டிப் பூச்சி எதுவானாலும் ஒளியைச் சிதறடித்தால் அதற்குப் புகைதான். தாளிப்பு வாசம் கமழும் அடுப்படியில் மாட்டினால் தினமும் கச்சேரி! எரிச்சலில் பேட்டரியைக் கழற்றிவிடுவதுதான் உண்மையான ஆபத்து.

சூடான புகை மேலே எழும்; ஆகவே கூரையே சரியான இடம். ஆனால் சுவரும் கூரையும் சேரும் மூலைக்குப் புகை தாமதமாகவே எட்டும். குறைந்தது 10 செ.மீ. தள்ளி மாட்டவேண்டும். மின்விசிறிக் காற்றும் புகையை விரட்டிவிடும்.

சிங்கப்பூரில் 2018 ஜூன் முதல் புதிய வீடுகளுக்கு இக்கருவி கட்டாயம்.

மாதம் ஒருமுறை சோதனைப் பொத்தானை அழுத்துங்கள். மின்சுற்றும் ஒலிப்பானும் நலமா என்பது தெரியும்; புகை நுழையும் துளைகள் அடைபட்டிருப்பது தெரியாமல் போகலாம். அதனால்தான் தொழில்முறைப் பணியாளர்கள் செயற்கைப் புகையைப் பீய்ச்சிச் சோதிக்கிறார்கள். பேட்டரி புதிதானாலும் 10 ஆண்டுகளில் கருவியையே மாற்றிவிட வேண்டும்.