கோடைக்கு முன் டயர்: காரில் போகும் வணிகர்கள் கவனத்திற்கு

சரக்குப் பார்த்து வாங்குவதில் நமக்கு யாரும் பாடம் சொல்லத் தேவையில்லை. துவரம் பருப்பை உள்ளங்கையில் போட்டுப் பார்த்தே ரகம் சொல்லிவிடுவோம். பிஸ்கட் பெட்டி வந்து இறங்கினால் முதலில் தேதியைப் பார்ப்போம். எண்ணெய் டின் என்றால் முத்திரையும் எடையும் பார்ப்போம். அதே நாம் காருக்கு டயர் வாங்கப் போகும்போது, "நல்ல கம்பெனிதானே?" என்று ஒரு வார்த்தை கேட்டு, கடைக்காரர் எடுத்து வைத்ததை மாட்டிக்கொண்டு வந்துவிடுகிறோம். ஓடும் காருக்கும் சாலைக்கும் இடையே இருப்பது, சக்கரத்திற்கு ஒரு உள்ளங்கை அளவு ரப்பர் மட்டுமே. குடும்பமும் சரக்கும் அந்த நான்கு உள்ளங்கை மேல்தான் போய் வருகின்றன. ஆகவே கோடை தொடங்கும் முன் இதைப் பற்றிச் சில விவரங்களை உறுப்பினர்களுக்குத் தெரிவிக்க விரும்புகிறோம்.

நமது ஓட்டம் எப்படிப்பட்டது?

மடத்துக்குளம் வட்டார வணிகர்களின் கார் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு மட்டும் போகும் கார் அல்ல. காலையில் ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட், மறுநாள் பொள்ளாச்சி, வாரம் ஒரு முறை திருப்பூர் அல்லது கோவை, நடுவில் உடுமலையிலும் பழனியிலும் வசூல் என்று தினமும் ஓடுகிறது. திரும்பும்போது டிக்கியிலும் பின்சீட்டிலும் சிப்பங்கள் ஏறிக்கொள்கின்றன.

சாலையும் மாறியிருக்கிறது. பழைய 209ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை இன்று 83ஆம் எண். பொள்ளாச்சி முதல் மடத்துக்குளம், மடத்துக்குளம் முதல் ஒட்டன்சத்திரம் என்று பகுதி பகுதியாக இதில் நான்குவழிப் பணி நடந்தது. அகலமான சாலையில் வேகமும் கூடிவிடுகிறது. முன்பு 50 கிலோமீட்டர் வேகத்தில் போன அதே கார், அதே டயரில், அதே சுமையோடு 90 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. சித்திரை மாத மத்தியான வெயிலில் தார்ச்சாலையின் சூடு காற்றின் சூட்டை விட மிக அதிகம். வேகம், சுமை, வெயில் மூன்றும் சேரும் இடத்தில்தான் டயர் சோதனைக்கு உள்ளாகிறது.

'சம்மர் பெர்ஃபாமன்ஸ்' என்றால் என்ன?

இப்போது சில கடைகளில் 'சம்மர் பெர்ஃபாமன்ஸ் டயர்' என்ற பெயரில் விலை கூடிய டயர்களைக் காட்டுகிறார்கள். பெயரைக் கேட்டவுடன், நம் ஊர்க் கோடைக்கென்றே செய்தது போலும் என்று எண்ணத் தோன்றும். விஷயம் வேறு. ஐரோப்பிய நாடுகளில் பனிக்காலத்திற்கு ஒரு செட் டயரும் மற்ற மாதங்களுக்கு ஒரு செட் டயரும் வைத்திருப்பார்கள். வெப்பநிலை சுமார் 7 டிகிரி செல்சியசுக்குக் கீழே போனால் சாதாரண ரப்பர் இறுகிப் பிடிப்பு குறையும். அதனால் பனிக்கென்று தனி டயர். பனிக்கானது அல்லாத மற்றது 'சம்மர் டயர்'. அந்தக் கணக்கில் பார்த்தால் நம் ஊர்க் கடையில் தொங்குகிற கார் டயர்கள் ஏறக்குறைய எல்லாமே சம்மர் டயர்தான்.

'பெர்ஃபாமன்ஸ்' என்பது வேகத்தைக் குறித்த சொல். வேகமாகப் போகும்போதும் வளைவில் திரும்பும்போதும் சாலையை இறுகப் பிடிக்கும்படி மிருதுவான ரப்பரில் அகலமாகச் செய்வார்கள். பக்கவாட்டுச் சுவர் உயரம் குறைவாக இருக்கும். பிடிப்பு நன்றாகவே இருக்கும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் மிருதுவான ரப்பர் சீக்கிரம் தேயும். பக்கச்சுவர் குட்டையாக இருப்பதால், கிராமச் சாலைப் பள்ளத்தில் இறங்கினால் டயரோடு ரிம்மும் அடிபடும். தினசரி ஓட்டத்திற்கும் சுமைக்கும் இது ஏற்றதல்ல.

விலைக் கணக்கையும் பார்ப்போம். உதாரணத்திற்கு, 4,000 ரூபாய் டயர் ஒன்று 40,000 கிலோமீட்டர் ஓடுவதாக வைத்துக்கொண்டால் கிலோமீட்டருக்கு 10 பைசா. 7,000 ரூபாய் டயர் 20,000 கிலோமீட்டரில் தேய்ந்துவிட்டால் 35 பைசா. நான்கு சக்கரத்திற்கும் பெருக்கிப் பார்த்தால், எது லாபம் என்பது வணிகர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சூடு எங்கிருந்து வருகிறது?

வெயிலால் மட்டும் டயர் வெடிப்பதில்லை. காற்று குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி விரிகிறது. ஒரு கம்பியை மாற்றி மாற்றி வளைத்தால் வளைந்த இடம் சுடுவதைப் பார்த்திருக்கிறோம். அதே போலப் பக்கச்சுவரும் சுடுகிறது. சுமை கூடினால் நசுங்கல் கூடும். வேகம் கூடினால் நிமிடத்திற்கு நசுங்கும் தடவை கூடும். உள்ளே பிறக்கும் இந்தச் சூடு வெளியேறச் சாலையும் இடம் தராதபோது, ரப்பரும் உள் இழைகளும் ஒன்றைவிட்டு ஒன்று பிரிகின்றன. நாம் வெடிப்பு என்று சொல்வது இதன் கடைசிக் கட்டம்.

அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஃபயர்ஸ்டோன் கம்பெனி சுமார் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. பெரும்பாலும் ஃபோர்டு எக்ஸ்புளோரர் வண்டிகளில் மாட்டியிருந்த டயர்கள் அவை. ஓடும்போதே டயரின் மேல்பாகம் கழன்று, வண்டி உருண்டு, அந்நாட்டில் 270க்கும் மேற்பட்டோர் இறந்ததாக அரசுத் துறை கணக்கிட்டது. வெயில் அதிகமான அரிசோனா, கலிஃபோர்னியா, புளோரிடா, டெக்சாஸ் மாநிலங்களில்தான் முதலில் டயர்களை மாற்றத் தொடங்கினார்கள். கார் கம்பெனி 26 பவுண்டு காற்றுப் போதும் என்று சொல்லியிருந்தது. டயர் கம்பெனி 30 வேண்டும் என்றது. டயரின் குறையா, குறைந்த காற்றா என்று இரு கம்பெனிகளும் ஒன்றையொன்று குற்றம் சாட்டின. இரண்டுமே உலகப் பெயர் பெற்ற கம்பெனிகள் என்பதை நாம் கவனிக்க வேண்டும். பெயரை மட்டும் நம்பி இருந்துவிட முடியாது என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் தேவையில்லை.

டயரில் எழுதியிருப்பதைப் படியுங்கள்

டயரின் பக்கவாட்டில் சரக்கு விவரம் முழுவதும் அச்சாகி இருக்கிறது. உதாரணமாக 155/80 ஆர் 13 79 டி என்று இருந்தால்:

1. 155 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 80 என்பது பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் நூற்றுக்கு எத்தனை என்பது. ஆர் என்றால் ரேடியல். 13 என்பது ரிம்மின் அளவு, அங்குலத்தில்.

2. 79 என்பது சுமைக் குறியீடு. 79 என்றால் ஒரு டயர் 437 கிலோ வரை தாங்கும். 74 என்றால் 375 கிலோ. 85 என்றால் 515 கிலோ.

3. கடைசி எழுத்து வேகக் குறியீடு. எஸ் 180, டி 190, எச் 210 கிலோமீட்டர். யாரும் அந்த வேகத்தில் போகப் போவதில்லை. ஆனாலும் காரோடு வந்த புத்தகத்தில் சொன்ன எழுத்துக்குக் குறைந்ததை வாங்க வேண்டாம். குறைந்த எழுத்து என்றால் சூடு தாங்கும் சக்தியும் குறைவு.

4. தயாரித்த தேதி நான்கு இலக்கமாக ஒரு நீள்வட்டத்திற்குள் இருக்கும். 2325 என்றால் 2025ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். ஓடாமல் மூலையில் கிடந்தாலும் ரப்பர் இறுகி வெடிப்பு விடும். ஓராண்டுக்கு மேல் பழைய சரக்கானால் மறுத்துவிடுவது நல்லது. மாட்டிய டயருக்கு ஐந்து ஆண்டு கடந்தால் ஆண்டுக்கு ஒரு முறையாவது பரிசோதிக்க வேண்டும், பட்டன் மீதி இருந்தாலும் பத்து ஆண்டுக்கு மேல் ஓட்டக் கூடாது என்பது பல டயர் கம்பெனிகளின் அறிவுரை. ஸ்டெப்னி டயரின் தேதியையும் பாருங்கள். பெரும்பாலும் வண்டியிலேயே மூத்தது அதுதான்.

5. ஐ.எஸ்.ஐ. முத்திரை. 2009ஆம் ஆண்டின் தரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி வாகன டயர்களுக்கு இது கட்டாயம். ஈரச் சாலைப் பிடிப்பு, உருளும் தடை, ஓசை ஆகியவற்றுக்கும் மத்திய அரசு 2022இல் அளவுகோல் விதித்துள்ளது.

சுமைக் கணக்கில் ஏமாறக் கூடாது

ஒரு டயருக்கு 375 கிலோ என்றால் நான்குக்கு 1,500 கிலோ ஆயிற்றே, பத்து மூட்டை கூடுதலாக ஏற்றினால் என்ன என்று கேட்கலாம். அந்த 375 கிலோ முழுக் காற்று இருக்கும்போது மட்டுமே. காற்று குறையக் குறையத் தாங்கும் எடையும் குறையும். மேலும், 25 கிலோ சிப்பம் பத்தை டிக்கியில் ஏற்றினால் அந்த 250 கிலோவும் ஏறத்தாழ முழுவதும் பின் டயர் இரண்டின் மேலேயே இறங்கும். நான்காகப் பிரிந்து போவதில்லை. காரின் மொத்த எடை வரம்பு புத்தகத்தில் உள்ளது. அதற்கு மேல் ஏற்றினால் டயரோடு பிரேக்கும் திணறும்.

இன்னொரு முக்கியமான விஷயம். தனியார் காருக்கான காப்பீட்டுப் பாலிசியில், மாதிரிச் சரக்கும் சொந்தச் சாமானும் தவிர மற்ற சரக்கு ஏற்றிச் செல்வது விலக்கப்பட்ட உபயோகம் என்று எழுதியிருக்கும். விபத்து நேர்ந்து, வண்டி நிறைய வியாபாரச் சரக்கு இருந்தால், இழப்பீடு கேட்கும்போது சிக்கல் வரும். தினமும் மூட்டை ஏற்றுகிறவர்கள் அதற்கென்று சரக்கு வண்டி வைத்துக்கொள்வதே முறை. அந்த வண்டிக்கும் கார் டயர் போடக் கூடாது, 'எல்.டி.' என்று குறித்த, 6 பி.ஆர். அல்லது 8 பி.ஆர். டயரில் அந்த வண்டிக்குச் சொன்னதையே போட வேண்டும்.

காற்று பிடிப்பது எப்படி?

எத்தனை பவுண்டு என்பதை டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் காணலாம். ஆள் குறைவாக இருக்கும்போது ஒரு அளவும், முழுச் சுமைக்கு ஒரு அளவும் தனித்தனியே தந்திருப்பார்கள். சுமையோடு போகிற நாளில் சுமைக்குரிய அளவை வைக்க வேண்டும்.

காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது, இரண்டு வாரத்திற்கு ஒரு முறை பாருங்கள். ஓடிய டயரில் காற்று நான்கைந்து பவுண்டு கூடுதலாகக் காட்டும். 'வெயில் காலம், வெடித்துவிடும்' என்று அதை இறக்கிவிடுவது நம்மிடையே உள்ள வழக்கம். அப்படி இறக்கினால் டயர் ஆறியபின் காற்று குறைவாகி, மறுநாள் ஓட்டத்தில் அதிகமாகச் சூடேறும். வெடிக்கக் கூடாது என்று செய்யும் காரியமே வெடிப்புக்கு வழி வகுக்கிறது. நைட்ரஜன் பிடிப்பதில் தவறில்லை. ஆனால் சாதாரணக் காற்றிலேயே நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன்தான். எதைப் பிடித்தாலும் அளவு சரியாக இருப்பதே முக்கியம்.

மாட்டிய பிறகு

பட்டன் தேய்மானத்திற்குச் சட்டப்படி வரம்பு உண்டு. 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி காருக்கு 1.6 மில்லிமீட்டர். பள்ள வரிகளுக்கு இடையே சிறு மேடுகள் இருக்கும். பட்டன் அந்த மேட்டின் மட்டத்திற்கு வந்துவிட்டால் டயர் முடிந்தது என்று பொருள். கோடை மழையின் முதல் தூறலில் சாலைத் தூசியும் எண்ணெயும் கலந்து வழுக்கும்போது தேய்ந்த டயர் நிற்காது. பழனிக்கு நடந்து செல்லும் பக்தர்கள் இதே சாலையோரம்தான் போகிறார்கள் என்பதையும் மனதில் கொள்ள வேண்டும்.

பக்கச்சுவரில் புடைப்பு தெரிந்தால் உள்ளே இழை அறுந்துவிட்டது. ஒட்டுப் போட்டு ஓட்டக் கூடாது. இரண்டு டயர் மட்டும் புதிதாக வாங்கினால் அவற்றைப் பின்னால் மாட்டுங்கள். பின் சக்கரம் வழுக்கினால் கார் சுற்றிவிடும். அதைச் சமாளிப்பது கடினம். சுமார் 10,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை டயர்களை இடம் மாற்றி, வீல் அலைன்மெண்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓடும்போது டயர் வெடித்துவிட்டால் பிரேக்கை அழுத்தாதீர்கள். ஸ்டியரிங்கை இரு கையாலும் நேராகப் பிடித்து, ஆக்சிலேட்டரை மெதுவாக விட்டு, வேகம் தானாகக் குறைந்தபின் ஓரம் கட்டுங்கள். வண்டி ஓட்டும் பிள்ளைகளுக்கும் டிரைவருக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

பில் வாங்க மறக்காதீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் புதிய கார் டயருக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்துள்ளது. பில்லில் டயரின் வரிசை எண் எழுதியிருந்தால்தான் குறை ஏற்பட்டால் கம்பெனியிடம் கேட்க முடியும். சரக்கு வண்டி டயருக்கான வரி வரவைப் பற்றி உங்கள் கணக்கரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சுருக்கமாகச் சொன்னால், புத்தகத்தில் சொன்ன அளவு, குறையாத சுமைக் குறியீடு, புதிய தேதி, ஐ.எஸ்.ஐ. முத்திரை, காலையில் சரியான காற்று. இந்த ஐந்தும் இருந்தால் நடுத்தர விலை டயரே நம் கோடைக்குத் தாராளமாகப் போதும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் எவ்வளவு விலை கொடுத்த டயரும் காப்பாற்றாது. பங்குனி பிறப்பதற்குள் ஒரு நாள் காலை கடை திறக்கும் முன், ஐந்து நிமிடம் ஒதுக்கி ஸ்டெப்னி உட்பட ஐந்து டயரையும் பார்த்துவிடும்படி உறுப்பினர்கள் அனைவரையும் கேட்டுக்கொள்கிறோம்.