பட்டினி போடாத டாக்டர் வேண்டும்

முயலால் வாந்தி எடுக்க முடியாது. அதன் இரைப்பையின் வாய்த்தசை அவ்வளவு இறுக்கம். உள்ளே போனது எதுவானாலும் குடல் வழியாகத்தான் வெளியேற வேண்டும். தேவிகுளத்திலோ மூணாறிலோ வீட்டு முயலுக்குக் கருத்தடை ஆபரேஷன் செய்ய நினைப்பவர்கள் முதலில் மனதில் வாங்கவேண்டிய செய்தி இதுதான். நாய்க்கும் பூனைக்கும் ஆபரேஷன் என்றால் முதல் நாள் இரவே சோற்றை நிறுத்திவிடுவார்கள். மயக்கத்தில் வாந்தி வந்து மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடக் கூடாதே என்ற முன்ஜாக்கிரதை அது. முயலுக்கு அந்த ஆபத்து கிடையாது. அதற்குப் பட்டினிதான் ஆபத்து. நாரும் புல்லும் வந்துகொண்டே இருந்தால்தான் அதன் குடல் நகரும். பல மணி நேரம் வயிறு காய்ந்தால் குடல் நின்றுபோகும், வாயு கட்டும், உள்ளே வாழும் நுண்ணுயிர்களின் சமநிலை குலையும். மயக்க ஊசிக்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்புவரைகூட முயல் புல் தின்னலாம். வாயில் மிச்சம் ஒட்டியிருக்கக் கூடாது என்பதற்காக மட்டுமே அந்தச் சின்ன இடைவெளி.

ஆகவே டாக்டரைத் தேர்ந்தெடுக்க ஒரே ஒரு கேள்விதான் கேட்க முடியும் என்றால், நான் கேட்கச் சொல்வது இது: "முதல் நாள் ராத்திரி இதுக்கு என்ன கொடுக்கலாம், டாக்டர்?" ராத்திரியிலிருந்தே எதுவும் கொடுக்காதீர்கள் என்று பதில் வந்தால், அவர் முயலையும் நாயையும் ஒரே கணக்கில் வைத்திருக்கிறார். பணிவாக நன்றி சொல்லிவிட்டு வேறு இடம் பார்க்கலாம்.

இது அந்த டாக்டரின் குறை இல்லை. தேவிகுளம் தாலுகா மாடுகளின் நாடு. 1963இல் இந்திய-சுவிஸ் கூட்டுத் திட்டம் மாட்டுப்பட்டியில் தொடங்கி, சுனந்தினி என்ற கலப்பினப் பசு இந்த மலையில்தான் உருவானது. நம் மாட்டாஸ்பத்திரிகளில் இருப்பவர்கள் நள்ளிரவிலும் தேயிலைத் தோட்டத்து லயத்துக் கொட்டகையில் கன்று எடுத்துக் கொடுக்கிற கைகாரர்கள். முயலும் அவர்களுக்குப் புதிதல்ல. மலைக்கு அந்தப் பக்கம், கொடைக்கானல் மன்னவனூரில் மத்திய செம்மறியாடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் இருக்கிறது. வெள்ளை ஜெயன்ட், சோவியத் சின்சில்லா இன முயல்களை அங்கே வளர்க்கிறார்கள். ஆனால் கறி முயல் மூன்று மாதத்தில் விற்பனைக்குப் போய்விடும். அதற்குக் கருத்தடை செய்ய யாருக்கும் தேவை வருவதில்லை. முயலின் சொறிக்கு ஊசி போட்டே பழகிய கைக்கு, முயலின் வயிற்றைத் திறக்கும் வாய்ப்பு ஆண்டுக்கு ஒருமுறைகூட வந்திராது.

பிறகு எதற்கு இந்த ஆபரேஷன்? "இரண்டும் பெண்" என்று சொல்லி விற்ற குட்டிகளில் ஒன்று ஆணாக இருந்த கதை முயல் வளர்க்கும் வீடுகளில் சாதாரணம். சின்ன வயதில் ஆண், பெண் பிரித்துப் பார்ப்பது அனுபவசாலிகளுக்கே கஷ்டம். பெண் முயலுக்கு மாதச் சுழற்சி கிடையாது, இணை சேர்ந்த பத்துப் பன்னிரண்டு மணி நேரத்தில் கருமுட்டை வெளியாகும். 31 நாளில் குட்டி. ஈன்ற அன்றே மறுபடி சினை பிடிக்கவும் அதன் உடம்பு தயார். ஒற்றை அறை லயத்து வீட்டில் இந்தக் கணக்கு எங்கே கொண்டுபோய் விடும் என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் எனக்கு இதைவிடக் கனமான காரணம் கர்ப்பப்பைப் புற்றுநோய். ஹாரி கிரீன் என்ற அமெரிக்க நோயியல் அறிஞர் 1930களிலும் 40களிலும் தம் ஆய்வுக்கூடத்து முயல்களை ஆண்டுக்கணக்கில் கவனித்து இதை எழுதிவைத்தார். வயது ஏற ஏற இந்த நோய் கூடுகிறது. மூன்று நான்கு வயதைக் கடந்த பெண் முயல்களில் சில இனங்களில் பாதிக்கும் மேல் இதற்கு ஆளாகின்றன. நன்றாகப் பார்த்துக்கொண்டால் எட்டு, பத்து ஆண்டு வாழக்கூடிய பிராணி பாதி வயதில் போய்விடுகிறது. ஐந்தாறு மாதத்தில் கர்ப்பப்பையையும் சினைப்பையையும் எடுத்துவிட்டால் அந்த நோய்க்கு இடமே இல்லை.

ஆபத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பிரிட்டனில் 117 மருத்துவமனைகளில் 2002 முதல் 2004 வரை திரட்டிய கணக்கு 2008இல் வெளியானது. மயக்கம் கொடுத்த நாய்களில் 601க்கு ஒன்றும், பூனைகளில் 419க்கு ஒன்றும் இறந்தன. முயல்களில் 72க்கு ஒன்று. நோயில்லாத முயல்களை மட்டும் எடுத்தால் 137க்கு ஒன்று. அந்த ஆய்வில் எனக்கு முக்கியமாகப் பட்டது இன்னொரு விவரம்: இறந்த முயல்களில் பத்தில் ஆறு இறந்தது கத்திக்குக் கீழே இல்லை, ஆபரேஷன் முடிந்த பிறகு. அதிலும் முதல் சில மணி நேரம்தான் கண்டம். அப்படியானால் தையல் போடும் கையை மட்டும் பார்த்து டாக்டரைத் தேர்ந்தெடுப்பது பாதித் தேர்வுதான். முயல் விழித்து, உடம்பு சூடேறி, வாய் அசைத்துப் புல் மெல்லும்வரை பக்கத்தில் இருக்கப்போவது யார் என்பது மறுபாதி.

கேட்கவேண்டிய மற்றவையும் இதிலிருந்தே கிளைக்கின்றன. போன ஆறு மாதத்தில் எத்தனை முயலுக்குச் செய்தீர்கள், எத்தனை பிழைத்தன என்று நேராகக் கேளுங்கள். அனுபவம் உள்ளவர் கோபிக்க மாட்டார். முயல் மூக்கால் மட்டுமே மூச்சு விடும், வாய் குறுகல், நாக்கு பெரிது, தொண்டைக்குள் குழாய் விடுவது பெரும்பாடு. ஆக்ஸிஜனை எப்படிக் கொடுப்பார் என்று தெரிந்துகொள்ளுங்கள். அட்ரோபின் என்ற ஊசி நாய்க்கு மயக்கத்துக்கு முன் போடுவது வழக்கம். பல முயல்களின் உடம்பில் அதைச் சிதைத்துவிடும் நொதி இருக்கிறது, மருந்து நிற்காது. கிளைகோபைரோலேட் என்ற மாற்று மருந்தின் பெயர் அவர் வாயிலிருந்தே வந்தால் நல்ல அறிகுறி. ஆண் முயலுக்கு வயிற்றிலிருந்து விதைப்பைக்கு இறங்கும் வழி ஆயுள் முழுக்கத் திறந்தே இருக்கும். அதை அடைக்காமல் விட்டால் குடல் அதன் வழியாக இறங்கக்கூடும். வெளியே தெரியும் தையலைக் கடித்துப் பிரித்துவிடும் என்பதால் தோலுக்குள் மறையும் தையல் நல்லது. எல்லாவற்றுக்கும் மேல், வலிக்கு எத்தனை நாள் மருந்து? "முயலுக்கு அதெல்லாம் தேவையில்லை" என்று சொல்பவரிடம் என் முயலை நான் விடமாட்டேன்.

இந்த மலையில் அப்படி ஒருவர் கிடைக்காவிட்டால் இறங்கித்தான் ஆகவேண்டும். மேற்கே திருச்சூர் மண்ணுத்தியில் கால்நடை மருத்துவக் கல்லூரி, கிழக்கே தேனியில் தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கல்லூரி. புறப்படும் முன் போன் போட்டு, முயலுக்குச் செய்கிறார்களா, எந்த நாளில், அன்று இரவு வைத்துக்கொள்வார்களா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். தனியார் கிளினிக் என்றால் டாக்டர் மாநிலக் கால்நடை மருத்துவக் கவுன்சிலில் பதிவு பெற்றவரா என்று பார்க்கலாம். 1984ஆம் ஆண்டின் சட்டப்படி பதிவு இல்லாமல் வைத்தியம் செய்யக் கூடாது. நெடுந்தூரப் பயணத்துக்கு வழியே இல்லை, வீட்டில் இருப்பது ஒரு ஜோடி என்றால், ஆணுக்கு மட்டும் செய்துவிடலாம். சின்ன ஆபரேஷன், மயக்கமும் கொஞ்ச நேரம்தான், நாலு மாதம் ஆனாலே போதும். குட்டி நிற்கும், பெண்ணின் புற்றுநோய் அபாயம் மட்டும் அப்படியே இருக்கும். தெரிந்து எடுக்கிற முடிவாக இருந்தால் அதில் தவறில்லை.

நாள் குறிப்பதில் மலையின் பருவத்துக்கும் பங்கு உண்டு. ஆடி மழையில், தேனிக்கு இறங்கும் வழியில் உள்ள கேப் ரோடு என்ன ஆகும் என்று யாரும் சொல்ல முடியாது. 2019இலும் 2020இலும் மண் சரிந்து போக்குவரத்தே நின்றது. மாசி, பங்குனியில் சாலை சரியாக இருக்கும், ஆனால் போடிமெட்டுக்குக் கீழே வெயில் கொளுத்தும். நம் குளிரில் வளர்ந்த முயல் 30 டிகிரிக்கு மேல் தாங்குவது கடினம், அதற்கு வியர்வை வழியாகச் சூடு தணிக்கத் தெரியாது. விடிவதற்கு முன் இறங்கிவிடுங்கள். வாரக் கடைசியில் வைத்துக்கொள்ளாதீர்கள். மறுநாள் ஏதாவது என்றால் டாக்டர் கையில் கிடைக்க வேண்டும்.

ஆபரேஷனுக்கு முந்தைய வாரத்திலிருந்தே வீட்டு வேலை தொடங்குகிறது. புதுத் தீனி எதுவும் வேண்டாம். பழகிய புல், வட்டவடைக் கேரட்டின் தழை போதும் (கிழங்கு இனிப்பு, ஒரு சின்னத் துண்டுக்கு மேல் வேண்டாம்). தேயிலைக் காட்டில் மருந்து அடித்த பக்கத்துப் புல்லை அறுக்காதீர்கள். மூக்கு ஒழுகினாலோ, முன்னங்கால் முடி ஈரத்தில் ஒட்டியிருந்தாலோ சளி இருக்கிறது, தேதியைத் தள்ளிப்போடுங்கள். பயணத்துக்குக் காற்றோட்டமான கூடை, அடியில் சாக்கு அல்லது துண்டு, உள்ளே புல். ஜோடி இருந்தால் அதையும் கூடவே கொண்டுபோங்கள். துணையின் வாசனை பதற்றத்தைக் குறைக்கும், திரும்பியபின் சண்டையும் வராது. காதைப் பிடித்துத் தூக்கும் பழக்கத்தை இத்துடன் விட்டுவிட வேண்டும். பின்பக்கத்தைத் தாங்காமல் தூக்கினால், உதறுகிற உதறலில் முயல் தன் முதுகெலும்பைத் தானே முறித்துக்கொள்ளும்.

திரும்பி வந்த இரவு தூங்க முடியாது. துணி சுற்றிய வெந்நீர் பாட்டில் ஒன்றைப் பக்கத்தில் வையுங்கள், தேவிகுளத்துக் குளிர் ஆரோக்கியமான முயலுக்குத்தான் ஒத்துவரும். மரத்தூள் வேண்டாம், காயத்தில் ஒட்டும், பழைய பருத்தித் துணி போதும். புல்லைத் தொடுகிறதா, புழுக்கை போடுகிறதா என்பதுதான் முழுக் கவனிப்பும். முயல் வலியைக் காட்டாது, ஒளிக்கும். 2012இல் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் அதன் முகத்தை அளந்து ஒரு வலி அளவுகோல் வகுத்தார்கள்: பாதி மூடிய கண், தட்டையான கன்னம், பின்னால் மடிந்த காது. இவை தெரிந்தால் டாக்டருக்குப் போன் செய்யுங்கள். அவர் கொடுக்கும் வலி மருந்து பெரும்பாலும் மெலாக்ஸிகாமாக இருக்கும். பாறு கழுகுகளைக் கொன்ற டைக்ளோஃபெனாக்கை 2006இல் கால்நடைகளுக்குத் தடை செய்தபோது அதற்கு மாற்றாக வந்த அதே மருந்து. வீட்டில் குழந்தைக்கு வாங்கிய அமாக்ஸிசிலின் சிரப்பை மட்டும் தப்பித் தவறியும் ஊட்டாதீர்கள். வாய்வழி போகும் அந்த மருந்து முயலின் குடலில் நல்ல நுண்ணுயிர்களை அழித்து உயிரையே எடுத்துவிடும். நாய்க்கு உண்ணி போக அடிக்கும் ஃபிப்ரோனில் ஸ்பிரேயும் முயலுக்கு விஷம்.

பன்னிரண்டு மணி நேரம் எதுவும் தின்னவில்லை என்றால் காத்திருக்காதீர்கள். டாக்டரைக் கேட்டு, ஊறவைத்துக் கரைத்த தீவனத்தை ஊசியில்லாத சிரிஞ்சால் கடைவாயில் கொஞ்சம் கொஞ்சமாக விடவேண்டியிருக்கும். அவர் கிடைக்காவிட்டால் 1962 என்ற கால்நடை ஆம்புலன்ஸ் எண் இருக்கிறது. பெண் முயலைப் பத்து நாள் தாவவிடாமல் வைத்திருங்கள். ஆண் முயல் மூன்றாம் நாளே துள்ளும், ஆனாலும் அதன் உடம்பில் மிச்சமிருக்கும் விந்து தீர நாலைந்து வாரம் ஆகும். ஆறு வாரம் கழித்துப் பெண்ணுடன் ஒரே கூண்டில் விடுங்கள்.