சிறுவர்களே ஓட்டு போட்டு பரிசு கொடுக்கும் புத்தகங்கள்: ஜனாதிபதி கதைகளில் எது நிஜம், எது கட்டுக்கதை?

அமெரிக்காவில் ஜனாதிபதியை தேர்ந்தெடுக்க 18 வயது ஆகியிருக்க வேண்டும். ஆனால் 8 வயது பொடிசுகள் கூட ஓட்டு போடும் தேர்தல் ஒன்று அங்கே நடக்கிறது. இதில் வேட்பாளர்கள் மனிதர்கள் அல்ல... புத்தகங்கள்!

இது என்ன புது கூத்து என்று கேட்கிறீர்களா? புதுசு இல்லை. 80 வருஷத்துக்கு மேலாக நடந்து வருகிறது.

பெரியவர்கள் கொடுக்கும் பரிசு

சிறுவர் புத்தகங்களுக்கு அமெரிக்காவில் பெரிய பரிசு என்றால் அது 'நியூபெரி' பதக்கம்தான். 1922-ம் ஆண்டு முதல் அமெரிக்க நூலக சங்கம் இதை வழங்கி வருகிறது. ஆனால் பரிசு பெறும் புத்தகத்தை முடிவு செய்வது பெரியவர்கள் அடங்கிய குழு. படிக்கப்போகும் பிள்ளைகளுக்கு அதில் ஓட்டு கிடையாது.

'யாருக்காக எழுதப்பட்டதோ அவங்களையே கேட்டா என்ன?' என்று நினைத்தவர் சியாட்டில் நகரத்து புத்தக வியாபாரி ஹாரி ஹார்ட்மேன். இவரது முயற்சியால் 1940-ல் வடமேற்கு மாநிலங்களில் சிறுவர்கள் ஓட்டு போடும் பரிசு தொடங்கியது. 1952-ல் கன்சாஸ் மாநிலத்திலும் இதுபோன்ற பரிசு உருவானது. அதற்கு பிரபல பத்திரிகை ஆசிரியர் வில்லியம் ஆலன் வொயிட்டின் பெயர் சூட்டப்பட்டது.

படிக்காமல் ஓட்டு இல்லை

டெக்சாஸ் மாநிலத்தில் 'புளூபானட்' பரிசுக்கான நடைமுறை இது: முதலில் ஒரு குழு 20 புத்தகங்களை தேர்வு செய்து பட்டியல் போடும். 3-ம் வகுப்பு முதல் 6-ம் வகுப்பு வரை உள்ள மாணவ-மாணவிகள் அதில் குறைந்தது 5 புத்தகங்களையாவது படித்திருக்க வேண்டும். யாராவது வாசிக்க கேட்டிருந்தாலும் சரி. அப்போதுதான் ஓட்டு போட முடியும். பக்கத்தில் இருப்பவனை பார்த்து ஓட்டு குத்துகிற கதை நடக்காது!

பிள்ளைகள் விளையாட்டுத்தனமாக ஓட்டு போட்டுவிடுவார்கள் என்று சொல்ல முடியாது. கன்சாஸ் பரிசை 1953-ல் முதன்முதலாக வென்றது 'ஏமோஸ் பார்ச்சூன், ப்ரீ மேன்' என்ற வாழ்க்கை வரலாறு. அடிமையாக விற்கப்பட்டு, பிறகு பணம் கொடுத்து தன் விடுதலையை வாங்கிய ஒருவரின் கதை அது. 1951-ல் நியூபெரி பதக்கம் பெற்றதும் இதே புத்தகம்தான் என்பது குறிப்பிடத்தக்கது.

ஆனால் இந்த ஓட்டுக்கு ஒரு எல்லை உண்டு. புத்தகம் பிடித்ததா, போர் அடித்ததா என்று பிள்ளைகளால் சரியாக சொல்ல முடியும். அதில் எழுதியிருப்பது நிஜமாக நடந்ததா என்று எப்படி சொல்ல முடியும்? ஜனாதிபதிகள் பற்றிய புத்தகங்களில்தான் இந்த சிக்கல் அதிகம்.

செர்ரி மரம் வெட்டிய கதை

சிறுவன் வாஷிங்டன் செர்ரி மரத்தை வெட்டிவிட்டு, அப்பாவிடம் பொய் சொல்லாமல் ஒத்துக்கொண்ட கதை உலகம் முழுக்க பிரபலம். நம் ஊர் பள்ளிகளிலும் பல வாத்தியார்கள் சொன்னதுதான். ஆனால் அதற்கு ஆதாரம் எதுவும் கிடையாது.

வாஷிங்டன் 1799 டிசம்பரில் இறந்தார். பாதிரியாரும் புத்தக வியாபாரியுமான மேசன் லாக் வீம்ஸ் உடனே அவரது வாழ்க்கை வரலாற்றை எழுதி 1800-ல் வெளியிட்டார். புத்தகம் சக்கைபோடு போட்டது. 1806-ல் வந்த பதிப்பில்தான் மரம் வெட்டிய கதை புதிதாக சேர்க்கப்பட்டது. பொய் சொல்லக்கூடாது என்று பிள்ளைகளுக்கு புத்தி சொல்ல வந்த கதைக்கே ஆதாரம் இல்லை!

சிரித்த முகத்துடன் அடிமைகள்

இது பழங்கதை என்று விட்டுவிட முடியாது. 2016 ஜனவரியில் 'ஸ்காலஸ்டிக்' நிறுவனம் வாஷிங்டனின் பிறந்தநாள் கேக் பற்றி ஒரு படப் புத்தகம் வெளியிட்டது. அவரது அடிமை சமையல்காரர் ஹெர்குலிசும், மகள் டெலியாவும் சிரித்த முகத்துடன் கேக் செய்வதுபோல் படங்கள் இருந்தன. அடிமை வாழ்க்கையின் கொடுமை மறைக்கப்பட்டதாக கடும் எதிர்ப்பு கிளம்பியது. அந்த மாதமே புத்தகம் வாபஸ் பெறப்பட்டது.

உண்மையில் ஹெர்குலிஸ் 1797-ல் வாஷிங்டனின் பண்ணையில் இருந்து தப்பி ஓடிவிட்டார். அவரது பிள்ளைகள் அங்கே அடிமைகளாகவே இருந்தனர்.

உண்மையை எழுதியும் ஜெயிக்கலாம்

ரஸ்ஸல் பிரீட்மேன் எழுதிய லிங்கன் வாழ்க்கை வரலாறு 1987-ல் வெளியானது. கற்பனை வசனம் கிடையாது. அந்தக்கால புகைப்படங்களையும் ஆவணங்களையும் வைத்தே எழுதினார். மொத்தமாக ஒரு வருஷம் கூட பள்ளிக்கூடம் போகாத லிங்கனின் கதைக்கு கலப்படம் தேவைப்படவில்லை. 1988-ல் அந்த புத்தகம் நியூபெரி பதக்கம் பெற்றது.

பெற்றோர் கவனிக்க வேண்டியது

தலைவர்கள் பற்றிய புத்தகத்தை பிள்ளைகளுக்கு வாங்கும்போது 3 விஷயம் பார்த்தால் போதும்.

* யாருமே பக்கத்தில் இல்லாத நேரத்தில் பேசியதாக வசனம் இருக்கிறதா?

* தகவல் எங்கே கிடைத்தது என்று கடைசி பக்கங்களில் சொல்லியிருக்கிறார்களா?

* தலைவர் செய்த தப்பும் அதில் இருக்கிறதா?

எந்த புத்தகம் பிடிக்கிறது என்பதை பிள்ளைகளே முடிவு செய்யட்டும். அது உண்மையா என்று பார்த்து கையில் கொடுப்பது பெரியவங்க வேலை.