கரித்துகளும் கடுவெப்பமும்

சென்னை மாநகரின் வடபால் இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் ஆகிய பகுதிகள் கடலை ஒட்டி அமைந்துள்ளன. சென்னைத் துறைமுகத்திற்கும், எண்ணூரில் 2001-இல் திறக்கப்பட்டு இன்று காமராசர் பெயரைத் தாங்கி நிற்கும் துறைமுகத்திற்கும் சரக்கு லாரிகள் இப்பகுதிகளின் வழியே இரவும் பகலும் செல்கின்றன. டீசல் முற்றும் எரியாதபோது கரித்துகள் உண்டாகிறது. அந்நுண்துகள் மூச்சுடன் நுரையீரலின் அடிவரை சென்று நோய் விளைக்கும்.

2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 விதிகளுக்கு ஏற்பச் செய்யப்படும் லாரிகளில் இத்துகளைத் தடுக்கும் வடிகட்டி உண்டு. அது தேனடை போன்ற அமைப்புடையது. அதன் கண்ணறைகள் ஒன்றுவிட்டு ஒன்று அடைக்கப்பட்டிருக்கும். ஆதலின் புகை, நுண்துளைச் சுவர்களை ஊடுருவியே வெளியேற வேண்டும். கரி சுவரிலே தங்கிவிடும்.

தங்கிய கரியை அகற்றுவது எங்ஙனம்? எரிப்பதே வழி. கரி பிராணவாயுவுடன் கூடி எரிவதற்கு ஏறத்தாழ 600 பாகை சென்டிகிரேடு வெப்பம் வேண்டும். புகை இயல்பாக இவ்வெப்பத்தை அடைவது அரிது. எனவே சிறிது டீசலை மிகுதியாகச் செலுத்தி, வடிகட்டிக்கு முன்னுள்ள வினையூக்கியில் எரியச் செய்வர். அவ்வெப்பத்தால் கரி எரிந்து கரியமில வாயுவாகி வெளியேறும்.

ஆயின், துறைமுக வாயிலை நோக்கி ஊர்ந்து செல்லும் லாரியின் புகை போதிய அளவு சூடேறுவதில்லை. வெப்பம் குன்றினால் கரி சேரும். கரி மிகுந்தால் வடிகட்டி அடைபடும். எஞ்சினும் வலிமை இழக்கும். எச்சரிக்கை விளக்கு ஒளிர்ந்ததும், உலர்ந்த புல் முதலிய எரிபொருள்கள் இல்லாத இடத்தில் லாரியை நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டுக் கரியை எரித்தல் ஓட்டுநரின் கடமையாகும். காலத்தே செய்யும் இச்சிறு கடமை, சாலையோரம் வாழும் மக்களின் மூச்சைக் காக்கும்.