அயல்நாட்டு மாணவருக்குப் பட்டறையில் ஓர் இடம்

ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் தச்சுவேலை, வாகனப் பழுதுபார்ப்பு, மின்பணி, பேக்கரித் தொழில், முதியோர் பராமரிப்பு போன்றவற்றைப் பயிலும் இளைஞர்கள், தம் பயிற்சிக் காலத்தின் ஒரு பகுதியை வேறொரு நாட்டு நிறுவனத்தில் வேலை செய்துகொண்டே கற்கும் ஏற்பாடு பல ஆண்டுகளாக நடந்து வருகிறது. பல்கலைக்கழக மாணவர்களை மனத்தில் கொண்டு 1987-இல் தொடங்கப்பட்ட எராஸ்மஸ் திட்டத்தை வெளியுலகம் நன்கு அறியும். தொழிற்கல்வி பயில்வோருக்கென 1995-இல் லியொனார்டோ டா வின்சியின் பெயரில் தனியொரு திட்டம் நடைமுறைக்கு வந்ததும், அந்தப் பணி 2014 முதல் எராஸ்மஸ் பிளஸ் என்ற பொதுத் திட்டத்துக்குள் தொடர்வதும் அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. இப்போதைய விதிகளின்படி குறுகியகாலப் பயிற்சி 10 முதல் 89 நாள் வரையிலும், எராஸ்மஸ்புரோ எனப்படும் நீண்டகாலப் பயிற்சி 90 நாளிலிருந்து ஓராண்டு வரையிலும் அமையலாம். தொழிற்கல்வி பயில்வோரில் 8 விழுக்காட்டினராவது 2025-க்குள் இவ்வாறு வெளிநாட்டில் பயின்றிருக்க வேண்டும் என்று 2020-இல் ஒன்றியம் இலக்கு வைத்தது. அத்தகைய இலக்கு நிறைவேறுவது அரசாணைகளைக் காட்டிலும், ஐந்தாறு பேர் வேலை பார்க்கும் சிறு பட்டறையின் உரிமையாளர் சம்மதிப்பதையே பெரிதும் சார்ந்திருக்கிறது.

அந்தச் சம்மதம் எளிதில் கிடைப்பதில்லை. அதற்கு நியாயமான காரணமும் உண்டு. மாணவரின் பயணச் செலவும் தங்கும் செலவும் அவரை அனுப்பும் பள்ளி பெறும் நல்கையிலிருந்து வழங்கப்படுகின்றனவே தவிர, அவரை வரவேற்கும் நிறுவனத்துக்குப் பொதுவாக அதில் பங்கு கிடையாது. தங்குமிடம், உள்ளூர்ப் பேருந்துச் சீட்டு, விபத்துக் காப்பீடு ஆகியவற்றைப் பள்ளியோ, இதற்கென்றே இயங்கும் இடையமைப்போ கவனித்துக்கொண்டாலும், நேரம் என்ற செலவை நிறுவனமே ஏற்கிறது. தொழிலறிந்த ஒருவர் தம் வேலையை நிறுத்திவிட்டு, புதிதாக வந்தவரின் கையைப் பிடித்துச் சொல்லித்தரும் ஒவ்வொரு மணிநேரமும் அந்தப் பட்டறைக்கு உண்மையான செலவுதான். இதை மறைத்து, இலவசமாக ஓர் ஆள் கிடைக்கிறார் என்ற ஆசையைக் காட்டி நிறுவனங்களை இணங்கவைக்கும் வழக்கம் இந்த ஏற்பாட்டுக்கே கேடானது. ஏனெனில் அவ்வாறு வந்த மாணவர், பெட்டி அடுக்குவதிலும் தரை பெருக்குவதிலும் தம் நாள்களைக் கழித்துவிட்டு ஊர் திரும்பும்படி ஆகிவிடுகிறது.

இதற்கு எதிரான முதற்காப்பு கற்றல் ஒப்பந்தம் எனப்படும் ஆவணம். மாணவர் என்னென்ன கற்க வேண்டும், எந்த வேலைகளின் வழியாகக் கற்பார், அவரை யார் வழிநடத்துவார், கற்றதை யார் எப்படி மதிப்பிடுவார் என்பனவற்றை முன்கூட்டியே எழுதி, அனுப்பும் பள்ளியும் வரவேற்கும் நிறுவனமும் மாணவரும் கையொப்பமிடுவது இது. சடங்காக நிரப்பப்படும் ஒப்பந்தத்துக்கும் அக்கறையோடு எழுதப்படும் ஒப்பந்தத்துக்கும் உள்ள வேறுபாடு ஒரே வரியில் தெரிந்துவிடும். வாகனப் பட்டறை ஒன்றில் ‘பிரேக் வேலைகளில் உதவுவார்’ என்று எழுதினால் அதற்கு எந்தப் பொருளும் கொள்ளலாம். ‘சக்கரத்தைக் கழற்றி, பிரேக் டிஸ்க்கின் தடிமனை மைக்ரோமீட்டரால் பல இடங்களில் அளந்து, டிஸ்க்கின் விளிம்பில் பொறிக்கப்பட்டிருக்கும் குறைந்தபட்ச அளவோடு ஒப்பிட்டு, அதை மாற்ற வேண்டுமா என்ற தம் முடிவை ஜாப் கார்டில் எழுதுவார்’ என்று எழுதினால், முதல் நாளிலேயே எந்தக் கருவியை அவர் கையில் கொடுப்பது என்பது மெக்கானிக்குக்கும், தாம் எதற்குத் தயாராக வேண்டும் என்பது மாணவருக்கும், திரும்பி வந்தவரிடம் எதைச் சோதிப்பது என்பது ஆசிரியருக்கும் விளங்கிவிடும். இவ்வாறு எழுதும் திறன் பள்ளியிடம் மட்டும் இருப்பதில்லை. அந்தப் பட்டறையில் அந்த மாதத்தில் எத்தகைய வேலைகள் வரக்கூடும் என்று அறிந்தவர் அதன் மேற்பார்வையாளரே என்பதால், ஒப்பந்தத்தின் முதல் வரைவு பள்ளியிலிருந்து வந்தாலும் கடைசி வடிவத்தில் அவர் கை பட்டிருக்க வேண்டும்.

மாணவர் பதினெட்டு வயது நிரம்பாதவராக இருந்தால் சட்டத்தின் கூறுகள் சேர்ந்துகொள்கின்றன. ஜெர்மனியின் இளையோர் தொழில் பாதுகாப்புச் சட்டப்படி அவர் நாளொன்றுக்கு 8 மணிநேரமும் வாரத்துக்கு 40 மணிநேரமுமே வேலை செய்யலாம். பொதுவாகக் காலை 6 மணிக்கு முன்போ இரவு 8 மணிக்குப் பின்போ அவரை வேலைக்கு வைக்கக்கூடாது. பேக்கரிகளில் மாவு பிசைவது விடிவதற்கு வெகுநேரம் முன்பே தொடங்கிவிடுவதால், பதினாறு வயது நிரம்பியவர் காலை 5 மணியிலிருந்தும் பதினேழு வயது நிரம்பியவர் 4 மணியிலிருந்தும் வேலை செய்யச் சட்டம் விலக்கு அளிக்கிறது. அந்நேரத்தில் விடுதியிலிருந்து பேக்கரிக்குப் பேருந்து உண்டா என்பதைச் சட்டம் கேட்பதில்லை. அதை ஒருவர் முன்பே விசாரித்து வைக்கவில்லையென்றால், எவ்வளவு நல்ல ஒப்பந்தமும் முதல் வாரத்திலேயே குலைந்துவிடும்.

மொழி பெரிய தடை என்று நிறுவனங்கள் அஞ்சுவதுண்டு. வரைபடமும் அளவுகோலும் எல்லா நாடுகளிலும் ஏறத்தாழ ஒன்றே என்பதால், கைத்தொழில்களில் குறைந்த சொற்களைக் கொண்டே நெடுந்தூரம் செல்ல முடிகிறது. முதியோர் இல்லத்திலோ கடையிலோ நிலைமை வேறு. அங்கே பேசுவதே வேலையின் பெரும்பகுதி என்பதால் மொழித் தேர்ச்சி குறைந்தவரை அனுப்புவது அவருக்கும் அங்குள்ளவர்களுக்கும் நன்மை செய்வதாகாது. எங்கும் விட்டுக்கொடுக்க முடியாதது பாதுகாப்பு விளக்கம் ஒன்றே. புரிந்ததா என்று கேட்டால் கூச்சமுள்ள பதினேழு வயதினர் புரியாவிட்டாலும் தலையசைத்துவிடுவார். ஆகவே இயந்திரத்தை நிறுத்தும் சிவப்புப் பொத்தான் எங்கே என்று கேட்டு, அவரையே நடந்துபோய் அழுத்திக் காட்டச் சொல்வதுதான் நம்பத்தக்க வழி.

இந்த ஏற்பாட்டின் உயிர் வழிநடத்துநரிடம் இருக்கிறது. நிறுவனத்திலேயே மூத்தவர் என்பதற்காக அல்லாமல், பொறுமையாகச் சொல்லித்தரக்கூடியவர் என்பதற்காக அவர் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும். அந்த வாரங்களில் அவருடைய வேலைச்சுமையும் குறைக்கப்பட வேண்டும். பல ஆண்டுகளாகக் கைப்பழக்கத்தால் செய்துவந்த வேலையைப் பிறமொழி பேசும் ஒருவருக்குப் படிப்படியாகப் பிரித்துக் காட்ட நேரும்போது, எந்தப் படி தேவையானது, எது வெறும் வழக்கம் என்பது அவருக்கே தெளிவாகிறது. நிறுவனம் அடையும் பயன்களில் இதுவே முதன்மையானது. அந்தப் பயன் விளையச் சில வாரங்கள் தேவை. இரண்டு வாரப் பயிற்சியில் இடமும் முகங்களும் பழகுவதற்குள் பாதி நாள்கள் போய்விடுவதால், கூடிய மட்டும் நீண்ட காலத்துக்கு மாணவரை ஏற்பதே இருபுறமும் நன்று. ஜெர்மனியில் 2005-இல் திருத்தப்பட்ட தொழிற்பயிற்சிச் சட்டம், மொத்தப் பயிற்சிக் காலத்தில் நான்கிலொரு பங்கு வரை, அதாவது மூன்றாண்டுப் பயிற்சியில் ஒன்பது மாதம் வரை, வெளிநாட்டில் கழிக்க இடமளித்தது இந்நோக்கில் தொலைநோக்குள்ள மாற்றம்.

பயிற்சி முடிந்ததும் யூரோபாஸ் மொபிலிட்டி என்ற பொது வடிவிலான ஆவணத்தில், மாணவர் என்னென்ன செய்யக் கற்றார் என்பது பதிவாகிறது. அவர் ‘நல்ல பையன், நேரத்துக்கு வந்தார்’ என்ற பாராட்டு அன்பானதுதான். ஆனால் அதை வைத்துக்கொண்டு எந்தப் பள்ளியும் அவருடைய பயிற்சியில் ஒரு பாடப்பகுதியை நிறைவு செய்ததாகக் கணக்கில் எடுத்துக்கொள்ள முடியாது. எத்தனை வாகனங்களின் பிரேக்குகளை அவர் அளந்தார், அவற்றில் எவற்றை உதவியின்றித் தாமே முடித்தார் என்று வழிநடத்துநர் எழுதினால், அந்தப் பகுதியை மாணவர் ஊரில் மறுபடி பயில வேண்டியதில்லை; அதை அந்தந்த வாரமே குறித்து வைப்பவருக்கு, கடைசி நாளில் அந்தப் படிவத்தை நிரப்பக் கால்மணி நேரமே போதும்.