குழந்தையின் அழுகுரலும் ஜமாஅத்தின் கடமையும்

பெருமானார் (ஸல்) அவர்கள் நீண்ட நேரம் தொழவைக்க வேண்டுமென்னும் எண்ணத்துடன் தொழுகையைத் தொடங்குவதுண்டு. இடையில் ஒரு குழந்தையின் அழுகுரல் செவியில் விழுமாயின், அதன் தாயுள்ளம் படும் பாட்டை நினைந்து தொழுகையைச் சுருக்கிக் கொள்வார்கள். ஒரு தாயின் தவிப்புக்காக ஒரு ஜமாஅத்தின் தொழுகையே சுருங்கிற்று. அன்பார்ந்த வாசகர்களே, புற்றுநோயுற்ற குழந்தையின் அழுகுரல் நம் மஹல்லாவிலும் கேட்கக்கூடும். அந்தத் தாய்க்காக நாம் எதைச் சுருக்கிக் கொள்ளப் போகிறோம்?

இந்நோய் முதியோரை மட்டுமே பற்றும் என்று எண்ணுவது தவறு. உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 4 லட்சம் குழந்தைகளும் வளரிளம் பருவத்தினரும் இதற்கு ஆளாவதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. வளமான நாடுகளில் இவர்களுள் 100க்கு 80 பேருக்கு மேல் குணமடைகின்றனர். வறிய நாடுகள் பலவற்றிலோ 30 பேர்கூடத் தேறுவதில்லை. நோயைக் காலந்தாழ்த்திக் கண்டறிவதும் மருந்துக் குறைவும் மட்டுமே இதற்குக் காரணங்கள் அல்ல. தொடங்கிய சிகிச்சையைப் பாதியில் கைவிடுவதும் ஒரு பெருங்காரணமாகும்.

ஏன் கைவிடுகின்றனர்? குழந்தைகளிடையே மிகுதியாகக் காணப்படுவது இரத்தப் புற்றுநோய். அதன் முக்கிய வகைக்கான சிகிச்சை இரண்டு, மூன்று ஆண்டுகள் நீள்வது. முதல் மாதம் முடியும்போதே பல குழந்தைகளின் இரத்தத்தில் நோயின் சுவடு மறைந்து, முகம் தெளிந்து விடும். அப்போதுதான் ஆபத்து. “பிள்ளை தேறிவிட்டான், இன்னும் ஊசி குத்தி வதைப்பானேன்?” என்று உறவினர் கேட்பர். கைப்பணமும் கரைந்திருக்கும். பெற்றோர் ஊர் திரும்பி விடுவர். உடலில் மறைந்திருந்த நோய் மீண்டும் தலைதூக்கும்போது, அதை வெல்வது முன்னிலும் கடினமாகி விடுகிறது.

சென்னை அடையாற்றில் 1954-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்கள் புற்றுநோய் நிலையத்தைத் தோற்றுவித்தார்கள். தம் தங்கை இந்நோயால் மாண்ட துயரமே அம்முயற்சிக்கு வித்தாயிற்று. இன்று இத்தகைய மருத்துவமனைகளை நாடித் தொலைவான ஊர்களிலிருந்து குடும்பங்கள் வருகின்றன. அரசின் காப்பீட்டுத் திட்டம் சிகிச்சைச் செலவுக்குக் கைகொடுக்கலாம். ஆனால் பேருந்துக் கட்டணம், தங்கும் அறை வாடகை, தந்தை இழக்கும் நாட்கூலி, ஊரில் விடப்பட்ட மற்றப் பிள்ளைகளின் சோறு ஆகியவற்றை யார் தருவது? இங்கேதான் ஜமாஅத்தின் கடமை தொடங்குகிறது.

ஏழைகளோடு கடனில் மூழ்கியோரையும் வழிப்போக்கரையும் ஸகாத் பெறத் தகுந்தோர் பட்டியலில் இறைவன் சேர்த்திருக்கிறான். பிள்ளையின் வைத்தியத்துக்காக நகையை அடகு வைத்துவிட்டு, அயலூரில் அல்லலுறும் தந்தையை நாம் எவ்வகையில் சேர்ப்போம் என்று எண்ணிப் பாருங்கள். ரமலானில் ஒருமுறை கொடுத்து மறந்துவிடாமல், சிகிச்சை முடியும்வரை மாதந்தோறும் அனுப்புவதே அவருக்குப் பயன்தரும்.

பணமில்லாதோரும் உதவலாம். இரத்தத் தட்டணுக்களை ஏறத்தாழ 5 நாட்களுக்கு மேல் சேமித்து வைக்க இயலாது. எனவே கொடையாளர் அடிக்கடி தேவைப்படுவர். பள்ளிவாசலில் இளைஞர்களின் இரத்த வகைப் பட்டியல் ஒன்றிருந்தால், நள்ளிரவில் ஒரு தந்தை தெருத்தெருவாய் அலைய நேராது. சிகிச்சை பெறும் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் உடனே மருத்துவமனை சேர வேண்டும். விடியும்வரை காத்திருத்தல் ஆகாது. வண்டி வைத்திருப்போர் அந்த வீட்டாரிடம், “எந்நேரமும் கதவைத் தட்டுங்கள்” என்று முன்னரே சொல்லி வைக்கட்டும்.

நோயாளியை நலம் விசாரிப்பது நம் நபிவழி. தமக்குப் பணிவிடை செய்த யூதச் சிறுவன் ஒருவன் நோயுற்றபோது, பெருமானார் (ஸல்) அவர்கள் தாமே சென்று அவனது தலைமாட்டில் அமர்ந்தார்கள். ஆயினும் இந்நோய்க்கான மருந்துகள் குழந்தையின் எதிர்ப்பாற்றலைக் குறைத்து விடுகின்றன. சளி, அம்மை முதலியன உள்ளோர் அருகே போகலாகாது. கூட்டமாய்ச் சென்று முத்தமிடவும் கூடாது. வாசலில் நின்று ஸலாம் சொல்லி, சமைத்த உணவை உம்மாவின் கையில் கொடுத்துத் திரும்புவதும் நலம் விசாரிப்பே. ஜஃபர் (ரலி) அவர்கள் உயிர்த்தியாகம் செய்தபோது, அவ்வீட்டார் துயரில் இருப்பதை எண்ணி, அவர்களுக்கு உணவு சமைக்கச் சொன்னவர்கள் அன்றோ நம் நாயகம் (ஸல்) அவர்கள்!

நம் நாவையும் காத்துக் கொள்வோமாக. “யாருடைய கண்ணேறோ? கர்ப்பத்தில் என்ன தின்றாயோ?” என்னும் சொற்கள் தாயின் நெஞ்சில் தைத்த முள்ளாய் நின்றுவிடும். இந்நோய் தொற்றுவதன்று, பெற்றோரின் குற்றமும் அன்று. அவள் அழுதால், பொறுமையில்லை என்று கடியவும் வேண்டா. தம் அருமை மகன் இப்ராஹீம் மறைந்தபோது நாயகத்தின் திருவிழிகளும் கண்ணீர் சிந்தின.

இன்று ஜும்ஆ முடிந்து வீடு திரும்பும்போது, மருத்துவமனைக்கும் ஊருக்குமாய் அலையும் குடும்பம் நம் மஹல்லாவில் உண்டா என விசாரியுங்கள். உண்டெனில், “அடுத்த சிகிச்சை என்றைக்கு? அன்று உங்கள் மற்றப் பிள்ளைகள் எங்கள் வீட்டில் இருக்கட்டும்” என்று சொல்லுங்கள். அந்தச் சொல் கிடைத்த தாய், சிகிச்சையைப் பாதியில் விடாமல் தொடரக்கூடும். அக்குழந்தைகள் அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவை அருள்வானாக! ஆமீன்.