இரண்டாம் நூலின் நாயகி
(வானொலி இலக்கியத் தொடரில் இடம்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

புத்தளத்திலிருந்து வண்ணாத்திவில்லு வழியாக எழுவன்குளம் போனவர்களுக்கு அந்தச் செம்மண்ணைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஒருமுறை கையூன்றி எழுந்தால் உள்ளங்கை செம்பு நிறமாகிவிடும். விஜயனும் அவனுடைய எழுநூறு தோழர்களும் கப்பலால் இறங்கிக் களைப்போடு தரையிலே கையூன்றியபோது அவர்களது கைகளும் அப்படியே சிவந்தன என்றும், அதனாலேயே அவ்விடம் தம்பபண்ணி எனப் பெயர் பெற்றது என்றும் மகாவம்சம் கூறுகிறது. அந்த இடம் எது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. வில்பத்துக் காட்டின் ஓரத்திலுள்ள குதிரைமலை முனையைச் சுட்டுவோரும் உளர்.

குளக்கரை மரத்தடியில் நூல் நூற்றுக்கொண்டிருந்த குவேனியை அங்கேதான் விஜயன் சந்திக்கிறான். அவள் மாயம் அறிந்தவள். வந்தவர்களைப் பிடித்துப் பள்ளத்தில் அடைத்தவள். பிறகு அவனுக்கு மனைவியாகி, தன் இனத்தாரையே காட்டிக்கொடுத்து, அவனுக்கு நாட்டைப் பெற்றுக் கொடுக்கிறாள். பாண்டிய நாட்டு இளவரசி வருகிறாள் என்றதும் இரு பிள்ளைகளோடு வெளியேற்றப்படுகிறாள். கதை விஜயனோடு மேலே நடக்கிறது. அவளுக்கென்று ஓர் இரண்டாம் நூலை மகாவம்ச ஆசிரியர் எழுதவில்லை. சிங்கள நாடகாசிரியர் ஹென்றி ஜயசேன 1963இல் மேடையேற்றிய ‘குவேனி’ வரும்வரை அவள் தன் வழக்கைத் தானே பேச நெடுங்காலம் காத்திருக்க வேண்டியிருந்தது.

நேயர்களே, மூன்று நூல்களாக விரியும் மாயக் கதைகளில் நடுநூலைப் பற்றிப் பேச வந்த நான் குவேனியில் தொடங்கியதற்குக் காரணம் இருக்கிறது. நடுநூல் என்றாலே வாசகருக்கு ஓர் அலுப்பு. தொடக்கத்தின் புதுமையும் அதற்கு இல்லை, முடிவின் நிறைவும் இல்லை. பயணிகள் நடந்துகொண்டே இருப்பார்கள். ரோல்கீனின் ‘இரு கோபுரங்கள்’ (1954) அப்படித்தான் என்று குறை சொல்வோருக்கு ஒரு பதில் உண்டு. அவர் எழுதியது ஒரே நூல். போருக்குப் பிந்திய காகித விலையும் அச்சுச் செலவும் அதை மூன்றாக்கின. ஆனால் நடுநூலை நடுநூலாகவே எண்ணி எழுதும்போது, முதல் நூலில் ஓரத்தில் கிடந்த ஒன்றை எடுத்து அதன் பக்கத்தில் நின்று கதை சொல்லலாம். அமெரிக்க எழுத்தாளர் ஊர்சுலா லெ குவின் அதைத்தான் செய்தார்.

அவருடைய ‘எர்த்சீயின் மந்திரவாதி’ 1968இல் வெளிவந்தது. கெட் என்ற இளைஞன் தன் அகந்தையால் ஒரு நிழலை உலகத்துக்குள் விட்டுவிட்டு, தீவு தீவாகக் கடலில் அலைந்து அதை எதிர்கொள்ளும் கதை. அந்த அலைச்சலில், மணல்திட்டு ஒன்றில் கைவிடப்பட்டு முதுமையடைந்த ஒருத்தி உடைந்த வளையத்தின் பாதியை அவனிடம் கொடுக்கிறாள். வாசகர் அதை மறந்தே போவார். 1971இல் வந்த இரண்டாம் நூல், ‘அற்றுவானின் கல்லறைகள்’, அந்த வளையத்தின் மறுபாதி கிடக்கும் இடத்தில் தொடங்குகிறது. கெட் அங்கே இல்லை. நூலின் கணிசமான பகுதி கழிந்த பிறகுதான், இருட்டில் ஒளி ஏந்திய அந்நியனாக, களவாட வந்தவனாக அவனைக் காண்கிறோம். காண்பவள் ஒரு சிறுமி.

தெனார் என்பது அவள் பெயர். பாலைநிலத்துக் கல்லறைக் கோயிலின் தலைமைப் பூசாரிணி இறந்த இரவில் பிறந்தாள் என்பதற்காக, அவளே இவளாக மறுபிறவி எடுத்து வந்திருக்கிறாள் என்று சொல்லி, ஐந்து வயதில் தாயிடமிருந்து பிரித்துக் கொண்டுவருகிறார்கள். சடங்கொன்றில் அவள் பெயரை இருளின் தெய்வங்கள் ‘உண்டு’விடுகின்றன. அதன்பின் அவள் அர்ஹா, அதாவது உண்ணப்பட்டவள். நிலத்தடிச் சுரங்கங்களில் விளக்கின்றி நடக்கும் உரிமை அவளுக்கு மட்டுமே உண்டு. கைதிகள் மூவர் எவ்வாறு சாகவேண்டும் என்று தீர்ப்பளிக்கும் கட்டாயமும் அவளுக்கே. பசியாலும் தாகத்தாலும் சாகட்டும் என்கிறாள். பிறகு அவளுக்கு உறக்கம் வருவதில்லை.

இதை வாசித்த தமிழ் வாசகருக்கு மணிமேகலை நினைவுக்கு வராமல் போகாது. நம்மிடமும் ஓர் இரண்டாம் நூல் இருக்கிறது. அது மூன்றில் நடுவானதன்று, இரட்டைக் காப்பியத்தின் மறுபாதி என்பது உண்மையே. ஆனால் உத்தி ஒன்றுதான். சிலப்பதிகாரத்தில் மணிமேகலை ஏறத்தாழ ஒரு பெயர் மட்டுமே. கடலில் கப்பல் உடைந்தபோது தன் முன்னோனைக் காத்த தெய்வத்தின் பெயரைக் கோவலன் தன் மகளுக்குச் சூட்டிய செய்தியை மாடலன் அடைக்கலக் காதையில் சொல்கிறான். பின்னர் அவள் துறவு பற்றிய பேச்சு வருகிறது. சீத்தலைச் சாத்தனார் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டு முப்பது காதைகள் செய்தார். உ.வே. சாமிநாதையர் 1892இல் சிலம்பையும் 1898இல் மணிமேகலையையும் பதிப்பித்தபோது, இந்த இரண்டாம் நூலும் விளக்கத்தோடு நம் கைக்கு வந்தது.

மாயத்துக்கு அதிலே குறைவில்லை. கடல்தெய்வம் உறங்கும் பெண்ணைத் தூக்கி மணிபல்லவத் தீவில் வைக்கிறது. அந்தத் தீவு நமது நயினாதீவே என்பது இலங்கைத் தமிழரிடையே பரவலான கருத்து; ஆய்வாளரிடையே வழக்கு இன்னும் முடியவில்லை. வேற்றுரு எடுக்க, வானில் செல்ல, பசியைத் தாங்க என மூன்று மந்திரங்கள் அவளுக்குக் கிடைக்கின்றன. வைகாசிப் பௌர்ணமியில் கோமுகிப் பொய்கையிலிருந்து அமுதசுரபி மேலெழுகிறது. லெ குவினின் உடைந்த வளையமும் சாத்தனாரின் பாத்திரமும் முன்பே ஒருவர் கையில் இருந்து போனவை. ஆபுத்திரன் பொய்கையில் விட்டுச் சென்றதுதான் மணிமேகலையிடம் வருகிறது.

நான் நின்று யோசித்த இடம் மறுபிறவி. அர்ஹாவுக்கு அது மற்றவர்கள் சொன்ன செய்தி. அவளுக்கு எதுவும் நினைவில்லை. ‘நீ முன்பும் நீயே’ என்று சொல்லிச் சொல்லியே அவளிடமிருந்து அவளைப் பறித்துவிடுகிறார்கள். மணிமேகலையோ புத்தபீடிகையின் முன் தானே பழம்பிறப்பை உணர்கிறாள். இலக்குமியாக வாழ்ந்து, பாம்பின் நஞ்சால் கணவன் இராகுலனை இழந்தவள் தான் என்றும், இன்று தன்னைத் துரத்தும் உதயகுமாரனே அந்த இராகுலன் என்றும் அறிகிறாள். அறிந்ததால் விட்டுவிடலாம் என்று நாம் நினைப்போம். சாத்தனார் அவ்வளவு எளிதாக எழுதவில்லை. காயசண்டிகையின் உருவில் அவள் திரியும்போது, அந்தக் காயசண்டிகையின் கணவன் காஞ்சனன் உதயகுமாரனை வெட்டி வீழ்த்துகிறான். மணிமேகலை துறவியாக நிற்காமல் மனைவியாக அழுகிறாள். கந்திற்பாவை தடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. காப்பியத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுவே. இறுதிக் காதைகளின் தருக்கப் பாடம் அறிஞர்க்குப் பொக்கிஷமாக இருக்கலாம். கதையைத் தேடி வந்தவருக்கு அங்கே கால் கடுக்கிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

பசி இரு நூல்களிலும் அதிகாரத்தின் அளவுகோல். பசியால் கொல்லும் உரிமை பெற்ற தெனார், இருட்டறையில் சங்கிலியிட்ட கெட்டுக்குத் தண்ணீரும் உணவும் கொண்டுபோகிறாள். தன் தெய்வங்களுக்கு அவள் செய்யும் முதல் துரோகம் அது. அதற்கு ஈடாக அவன் அவளுடைய உண்மைப் பெயரைத் திருப்பிக் கொடுக்கிறான். அவள் வழிகாட்டாமல் அவன் வெளியேற முடியாது. அவன் மந்திரம் தாங்காவிட்டால் அவள் மேலேயே அந்த மண்டபம் இடிந்து விழும். நம்மவளோ ஆதிரையிட்ட முதல் பிச்சையிலிருந்து யானைத்தீ என்னும் தீராப் பசியைத் தணித்து, சிறைக்குள் சென்று கைதிகளுக்குச் சோறிடுகிறாள். அரசன் என்ன வேண்டும் என்று கேட்கும்போது, சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கு என்கிறாள். மேலைநாட்டு நூலில் சிறை நிலநடுக்கத்தில் புதைந்து போகிறது. நம்முடையதில் அதே இடத்தில் உலை வைக்கப்படுகிறது.

விடுதலைக்குப் பிறகு தெனார் மகிழ்வதில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். கடற்கரையில் உறக்கமின்றி, கத்தியோடு கெட்டின் அருகே வந்து நிற்கிறாள். தன்னை வெளியே கொண்டுவந்தவனைக் கொன்றுவிடலாமா என்ற எண்ணம் அவளுக்கு வருகிறது. சிறுவர் நூல் என்று அடுக்கப்பட்ட ஒன்றில் இப்படி ஓர் இடம். 1972இல் அந்நூலுக்கு நியூபெரி கௌரவம் வழங்கியவர்கள் அதைக் கவனித்தார்களா என்பதை நான் அறியேன்.

அதே 1972இல் வந்த மூன்றாம் நூல் ‘தொலைதூரக் கரை’ மீண்டும் கெட்டையே பின்தொடர்கிறது. தெனார் அதில் இல்லை. வரிசை அத்துடன் முடிந்தது என்றே எல்லோரும் எண்ணினர். பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 1990இல், லெ குவின் ‘தெஹானு’வை எழுதியபோது, நடுவயதில் விதவையாக, பண்ணையொன்றில் தீயில் கருகிய ஒரு குழந்தையை வளர்த்துக்கொண்டிருக்கும் தெனாரிடம் திரும்பிப் போனார். அந்த நான்காம் நூலையும், மந்திரம் இழந்து அவள் வீட்டு வாசலுக்கு வந்து சேரும் கெட்டையும் அடுத்த கிழமை பார்ப்போம்.